கிளிக்கு நாய்த் தள்ளுபடி

போன மாதம் என் பழைய ஸ்கூட்டரைத் தள்ளிவிடலாம் என்று ராஜபாளையத்தில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். கடையில் இருந்த இரண்டு தம்பிகளும் வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கைபேசியில் நம்பரைத் தட்டினார்கள், அது ஒரு விலை சொன்னது. நானும் ஆயுசெல்லாம் பழைய வண்டிக்கு விலை போட்டவன்தான் என்று சொன்ன பிறகு நாற்காலி வந்தது. அவர்களில் ஒருவன் கேட்டான்: "ஐயா, ஒரே சி.சி., ஒரே வருசம், வண்டியும் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஸ்போர்ட்ஸ் மாடல்ல ஒரு கம்பெனி வண்டி மட்டும் கொறச்சலாத்தான் போகுது. உங்க காலத்துலயும் இப்படித்தானா?"

"எங்க காலத்துல அதை நாய்தான் முடிவு பண்ணுச்சு" என்றேன்.

இருவரும் சிரித்தார்கள். கிழவனுக்கு மறை கழன்றுவிட்டது என்று நினைத்திருப்பார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் பத்தாம் வகுப்போடு நின்று, ஒரு ஒர்க்‌ஷாப்பில் கிரீஸ் துடைத்து, அங்கிருந்து பழைய மோட்டார் சைக்கிள் வாங்கி விற்கும் கம்பெனிக்கு வந்தவன். நான் தொழில் பழகிய கதை இவ்வளவுதான், அதில் சுவாரசியம் ஒன்றும் இல்லை. கம்பெனிக்கு இரண்டு கடைகள். பெரியது ராஜபாளையத்தில், சின்னது ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிக்குப் பக்கத்தில். முதலாளி வெளியூர். எல்லாம் மேனேஜர் வெங்கட்ராஜா சார்தான்.

அவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. வெள்ளைச் சட்டை, வெயிலோ மழையோ கையில் குடை. வாழ்நாளில் மோட்டார் சைக்கிள் ஓட்டியது கிடையாது, சைக்கிளில்தான் வருவார். விற்க வந்த வண்டியைத் தொடவும் மாட்டார். "தொட்டுட்டா ஆசைப்பட்டுட்டோம்னு அர்த்தம், ஞானதுரை. வெலை ஏறிரும்" என்பார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பெண் பார்க்க வந்த பெரியவர் மாதிரி நான்கடி தள்ளி நிற்பார். வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், தெருவில் நாய்களிடம் மறுபடியும் தெலுங்கு. ராஜபாளையத்து நாய்க்குத் தமிழில் சொன்னால் ஏறாது என்பது அவர் கருத்து.

அவர் தொடாத வண்டியை நான் தொடுவேன். முதலில் புறங்கையால் இன்ஜின். ஓட்டி வந்த சூட்டில் எந்த இன்ஜினும் கிளம்பிவிடும், குளிர்ந்தால்தான் அதன் குணம் தெரியும். ஆறவிட்டு விற்க வந்தவனையே உதைக்கச் சொல்வோம். அடுத்து சைலன்சர் வாய்க்குள் ஒரு விரல், ஒட்டுகிற கரியைப் பார்த்தால் இன்ஜின் உள்ளே எப்படி என்று தெரியும். பிறகு முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆட்டு ஆட்டினால் முன்சக்கரத்தைத் தாங்குகிற போர்க் ஆடுவது கையில் தெரியும். பிரேக் லீவர் நுனியும் புட்ரெஸ்ட் முனையும் தேய்ந்திருந்தால் எந்தப் பக்கம் விழுந்தான் என்பதும் தெரியும். மேனேஜர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு, வந்தவரிடம் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல், "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று மட்டும் கேட்பார். சௌக்கியம் என்று சட்டென்று சொல்கிறவன் அவசரத்தில் விற்கவில்லை. யோசித்துச் சொன்னால் கொஞ்சம் குறைக்கலாம்.

அந்த வருடங்களில் ஸ்போர்ட்ஸ் வண்டி என்று பையன்கள் சொன்னது மூன்றே கம்பெனிகளை. தாழ்ந்த ஹேண்டில், முறுக்கினால் முன்சக்கரம் எழும்புகிற வண்டிகள். எங்கள் தொழிலில் கம்பெனிப் பேரைச் சொல்கிற வழக்கம் கிடையாது, சத்தத்தை வைத்துத்தான் பேர். ஒன்று வண்டு, இரைந்துகொண்டே போகும். ஒன்று உரல், இடித்துக்கொண்டே போகும். மூன்றாவது கிளி. முறுக்கினால் கீச்சென்று ஒரு சத்தம், அடுத்த தெருவுக்கும் கேட்கும். மூன்றில் கிளிதான் நல்ல வண்டி. அய்யனார் கோவில் அருவிக்குக் குளிக்கப் போகிற பையன்கள் அந்த மேட்டில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு போவார்கள், அது முனகாது. ஆனால் ராஜபாளையத்தில் அதற்குத்தான் விலை குறைவு.

காரணம், எங்கள் கடைசிச் சோதனை. அதற்குத் தெருச் சுற்று என்று பேர். வண்டியை எடுத்துக்கொண்டு, பெரிய வீடுகள் இருக்கிற தெருவில் நுழைந்து ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு வெள்ளை நாய். எங்கள் ஊர் நாயைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. வண்டு போனால் அவை படுத்தபடியே கிடக்கும். உரல் போனால் ஒரு காது எழும்பும். கிளி நுழைந்ததோ இல்லையோ, கேட்டைத் தாண்டிப் பாய்ந்து வரும். திரும்பி வந்ததும் மேனேஜர் மைலேஜ் கேட்க மாட்டார். "எத்தனை?" என்பார். எத்தனை நாய் விரட்டியதோ அதற்குத் தக்கபடி விலை இறங்கும். வண்டியை விற்க வந்தவரும் இதில் சண்டை போட்டதில்லை. "நாலு நாய்தான வந்துச்சு, அஞ்சுன்னு சொல்றியளே" என்று எண்ணிக்கையில்தான் தகராறு வரும்.

சுற்றுக்குப் போகிறவன் நான். இரண்டு காலிலும் முழங்கால்வரை சாக்கைச் சுற்றிச் சணல் போட்டுக் கட்டிக்கொண்டு போவேன். "நீங்க வேலைக்குப் போறியளா, கரடி வேசம் கட்டப் போறியளா" என்று என் மனைவி ரோஸ்லி கேட்பாள். நாய் நெருங்கினால் காலைத் தூக்கி டேங்க் மேல் வைத்துக்கொண்டு முறுக்க வேண்டும். ஊரில் கிளி வைத்திருந்த அத்தனை பேரும் அப்படித்தான் முறுக்கினார்கள்.

ஏன் கிளியை மட்டும் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அந்தக் கீச்சுச் சத்தம் நாய்க்காதைக் குடையும் என்றார் மெக்கானிக். சிவப்புக் கலர்தான் காரணம் என்றார் இன்னொருவர். ஒரு வண்டிக்குக் கறுப்பு அடித்துப் பார்த்தோம், நாய்கள் வந்தன. பெயிண்ட் செலவுதான் மிச்சம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இந்தத் தொல்லையே கிடையாது. அங்கே நாய்களெல்லாம் பால்கோவாக் கடை வாசலில் சட்டி சுரண்டலைத் தின்றுவிட்டுப் படுத்திருக்கும். இடி விழுந்தாலும் எழுந்திருக்காது. அதனால் ராஜபாளையத்தில் நாய்த் தள்ளுபடியோடு வாங்கிய கிளியை, நாய்கள் கண்ணசருகிற உச்சி வெயிலில் ஓட்டிக்கொண்டு போய் ஸ்ரீவில்லிபுத்தூரில் முழு விலைக்கு விற்போம். கம்பெனி பிழைத்ததே இதில்தான்.

அப்படி நாங்கள் விற்ற கிளி ஒன்று திரும்பி வந்தது.

வாங்கியவர் சண்முகவேல், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். ஆள் வாட்டசாட்டம், கழுத்தில் எப்போதும் விசில். ஆவணி மாதம் ஒரு காலை, ராஜபாளையம் கடைக்கு வந்து சாவியை மேனேஜர் மேசையில் வைத்தார்.

"சார், இந்த வண்டிய நீங்களே வச்சுக்கிடுங்க. எனக்கு எம் பொண்டாட்டி போதும்."

"வண்டியில என்ன கொற மாஸ்டர்?"

"வண்டியில ஒரு கொறையும் இல்ல. எம் மாமனார் வீட்டு நாய்க்குத்தான் ஆகல."

விஷயம் இது. சித்திரையில் அவருக்குக் கல்யாணம். பெண் முத்துலட்சுமி, எங்கள் ராஜபாளையத்துக்காரி, அதுவும் நான் சுற்றுப் போகிற அதே தெரு. ஆடிக்குப் பெண்ணைப் பிறந்த வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார்கள். ஆடி முடிந்தால் மாப்பிள்ளை வந்து அழைத்துப் போக வேண்டும். மாப்பிள்ளை கிளியில் வந்தார். மாமனார் வீட்டு நாய் பூபதி பாய்ந்து வந்தது. மாப்பிள்ளை முறுக்கினார். தெருக்கோடிவரை போய்த் திரும்பி வந்தார், பூபதி திரும்பவும் விரட்டியது. அடுத்த ஞாயிறும் அதே கதை. வாசலில் நின்று பார்த்த மாமனார் குருசாமிக்கு மானம் போயிற்று. அவர் ஆஸ்பத்திரிக்குக் கட்டுத்துணி நெய்து அனுப்புகிற தொழில் நடத்துகிறவர். 'கடிக்கிறதுக்கு நாய், கட்டுறதுக்குத் துணி, ரெண்டுமே குருசாமிகிட்ட இருக்கு' என்று தெருவில் ஏற்கெனவே ஒரு கேலி உண்டு.

"நாயச் செத்த நேரம் கட்டிப் போடச் சொல்ல வேண்டியதுதான?" என்றேன் நான்.

"சொன்னேன் சார். 'மாப்பிள்ள வாராருன்னு நாயக் கட்டிப் போட்டா ஊரு சிரிக்கும்'ங்காரு."

"பஸ்ல போயிருக்கலாம்லா?"

"போனேன். பூபதி வாலாட்டிக்கிட்டுப் படுத்துக் கெடந்துச்சு. ஆனா மாமா மொதக் கேள்வியே 'வண்டி எங்க மாப்பிள்ள?'ன்னுதான். சர்வீஸுக்கு விட்ருக்கேன்னு சொன்னேன். நிச்சயதார்த்தத்துல நானே அந்த வண்டியப் பத்திப் பெருமை பேசித் தொலச்சிருக்கேன். வித்துத் தின்னுட்டேன்னு நெனச்சுட்டாரு." மாஸ்டர் விசிலைப் பிடித்துத் திருகினார். "வர்ற வெள்ளிக்குள்ள அந்த வண்டியில வந்து வாசல்ல எறங்கிக் கூட்டிட்டுப் போகணுமாம். இல்லேன்னா பொண்ணு இங்கனயே இருக்கட்டும், பெரியவங்கள வச்சுப் பேசிக்கிடுவோம்னு சொல்லிட்டாரு. வண்டியத் திருப்பிக் குடுத்துட்டு, ரொக்கத்தக் கொண்டுபோயி அவர் கால்ல வச்சு, தின்னலன்னு காட்டலாம்னு பாக்கேன்."

மேனேஜர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சட்டம் பேசினார்.

"எடுத்துக்கிடுதோம் மாஸ்டர். ஆனா ராஜபாளையம் கடையில எடுத்தா ராஜபாளையம் வெலை. நாய்த் தள்ளுபடி போகத்தான் குடுக்க முடியும்."

"விக்கும்போது நாய் வெரட்டும்னு சொன்னியளா?"

"வித்தது ஸ்ரீவில்லிபுத்தூர்ல. அங்க எந்த நாயும் வெரட்டல. நீங்க பொண்ணு எடுத்தது ராஜபாளையத்துல. அதுக்குக் கம்பெனி எப்படிப் பொறுப்பாகும்?"

 பள்ளிக்கூடமே பயப்படுகிற அந்த மனுஷன், நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். விசில் மட்டும் நெஞ்சில் ஆடிக்கொண்டிருந்தது.  மேனேஜருக்கே பொறுக்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"கொற வண்டியிலயா, நாயிலயா, மாப்பிள்ளையிலயான்னு பாத்துருவோம். நடங்க."

மூன்று வண்டியையும் கொண்டுபோனோம். குருசாமி வீட்டுக்கு எதிரே ஒரு வேப்பமர நிழலில் மேனேஜர் குடையை விரித்து நின்றார். குருசாமி வாசலுக்கு வந்து கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். முத்துலட்சுமி மாடியில் நின்றது. தெருவே கூடிவிட்டது.

மேனேஜர் ஒன்றையும் விடவில்லை. முதலில் மாஸ்டரை வண்டு மேல் ஏற்றி அனுப்பினார். பூபதி படுத்திருந்தது. உரல், ஒரு காது. ஆக, கோளாறு மாப்பிள்ளையில் இல்லை என்று குருசாமிக்குக் கேட்கும்படி அறிவித்தார். பிறகு கிளியை இன்ஜினைப் போடாமல் தள்ளிக்கொண்டு போகச் சொன்னார். பூபதி கண்ணைக்கூடத் திறக்கவில்லை. ஆக, வண்டியின் உருவத்திலும் கோளாறு இல்லை. "இனி சத்தம்" என்றார். மாஸ்டர் உதைத்தார். கீச்சென்ற சத்தம் எழுந்ததும் பூபதி பாய்ந்தது. மாஸ்டர் முறுக்கினார். தெருக்கோடிவரை போய், இன்ஜினை அணைத்து வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பினார்.

மேனேஜர் தலையைச் சொறிந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, இத்தனை வருடத்தில் அவரும் நானும் ஊரும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"ஞானதுரை, இந்த நாய்க யாரையாச்சும் கடிச்சிருக்கா?"

யோசித்துப் பார்த்தேன். விரட்டியிருக்கின்றன. என் சாக்கில் மூக்கை வைத்திருக்கின்றன. விழுந்தவன் உண்டு, சாக்கடையில் வண்டியை விட்டவன் உண்டு, ஒருவன் சேத்தூர்வரை நிற்காமல் போனதாகவும் கேள்வி. கடிபட்டவன் ஒருவனும் நினைவுக்கு வரவில்லை. ஏனென்றால் ஒருவனும் நின்றதில்லை.

"அப்ப ஏறு. ஓட்டிக்கிட்டுப் போயி அவிய வாசல்ல நிறுத்து."

"சார், இன்னைக்கு நான் சாக்குக் கட்டல."

"கம்பெனி பாத்துக்கிடும். போ."

கம்பெனி எதைப் பார்த்துக்கொள்ளும் என்று எனக்குப் புரியவில்லை. ஏசப்பா என்று சொல்லிக்கொண்டு ஏறினேன். குருசாமி வீட்டு கேட்டுக்கு நேரே போய் நிறுத்தினேன். இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. காலைக் கீழே ஊன்றிக் கண்ணை மூடிக்கொண்டேன். நாயின் மூச்சு என் முழங்காலில் பட்டது. பிறகு ஒன்றும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்தேன்.

பூபதி உட்கார்ந்திருந்தது. வண்டியின் வலது பக்கம், பின் சக்கரத்துக்கு ஒட்டி, முதல் பந்திக்கு இலை போட்டு உட்கார்ந்தவர் மாதிரி உட்கார்ந்து, சீட்டுக்குக் கீழே ஓரிடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. வால் மண்ணைப் பெருக்கியது. பக்கத்து வீட்டு நாயும் எதிர்வீட்டு நாயும் வந்து அதன் பின்னால் வரிசையாக உட்கார்ந்தன.

 மாடியிலிருந்து முத்துலட்சுமிதான் முதலில் வாய் திறந்தது.

"அப்பா, அது உக்காந்திருக்க எடத்தப் பாருங்க. மீரான் பாய் பையி தொங்குற எடம்."

எல்லாருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. மீரான் பாய் எங்கள் ஊரில் கறிக்கடை வைத்திருந்தவர். ஊரில் முதல் கிளி வாங்கியதே அவர்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடு வீடாகக் கறி கொண்டுபோய்க் கொடுப்பார். கறியை நாய் பிடுங்கிவிடக் கூடாதே என்று, வலது பக்கம் ஒரு பையில் எலும்பு வைத்திருந்து, வாசலுக்கு ஒன்று போடுவார். அப்புறம் கடையை மூடிவிட்டு மகனோடு கேரளாப் பக்கம் போய்விட்டார். அவர் போனது எங்களுக்குத் தெரியும். நாய்களுக்கு யாரும் சொல்லவில்லை. கீச்சுச் சத்தம் கேட்டபோதெல்லாம் பாய் வந்துவிட்டார் என்று ஓடி வந்திருக்கின்றன. நாங்கள் உயிர் பிழைக்க ஓடியிருக்கிறோம். ஆசையாக ஓடி வந்ததற்குத்தான் இத்தனை காலம் விலையைக் குறைத்திருக்கிறோம்.

"என்ன எளவுடா இது" என்று குருசாமி வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்தே மாஸ்டரைப் பார்த்து, "மாப்பிள்ள, நாளைக்கு வாங்க. வரும்போது எலும்பு மட்டும் வாங்கியாந்துருங்க" என்றார்.

மறுநாள் மாஸ்டர் வந்தார். நான் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன், மறைப்பானேன். நாய்கள் இரண்டு பக்கமும் ஓடி வர, சாமி புறப்பாடு மாதிரி மாப்பிள்ளை வாசலில் வந்து இறங்கினார். பலகாரத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு முத்துலட்சுமி பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தது. பூபதி ஊர் எல்லைவரை கூடவே ஓடிவிட்டுத் திரும்பியது. அன்று குருசாமி கண்ணில் தண்ணீர். மகள் போகிறாளே என்றுதான் நினைத்தேன். "நான் சோறு வச்சா இப்பிடி ஒரு நாளு ஓடியாந்திருக்குமா" என்றார்.

சரி, காரணம் தெரிந்துவிட்டது, இனிக் கிளி விலை ஏறும் என்றுதானே நினைப்பீர்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். அடுத்து வாங்க வந்த சேத்தூர் சம்சாரி ஒருவரிடம் மேனேஜர் பெருமையாக விளக்கினார்: "இது கடிக்க வர்ற நாய் இல்லய்யா. பாசத்துல வருது. ஒரு எலும்பப் போட்டா ஒக்காந்துக்கிடும்."

அவர் பொறுமையாகக் கேட்டார். "அப்ப வாசலுக்கு வாசல் நான் எலும்பு போடணுமா? அதுக்கும் சேத்துக் கொறைங்க."

நாய்த் தள்ளுபடியோடு எலும்புத் தள்ளுபடியும் சேர்ந்தது. ஊர் வாயில் விழுந்த விலை விழுந்ததுதான்.

மாஸ்டர் கிளியை விற்கவில்லை. ஞாயிறு தவறாமல் மனைவியோடு வந்தார், பிறகு பிள்ளைகளையும் டேங்க் மேல் வைத்துக்கொண்டு வந்தார். பெரியவங்களை வைத்துப் பேச வேண்டிய விஷயம் எதுவும் அந்த வீட்டில் அதன்பின் வரவில்லை. வருடங்கள் போயின. சத்தமே இல்லாத புதுவகை வண்டிகள் வந்தன. மீரான் பாய் எலும்பு தின்ற நாய்கள் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன. கடைசியில் பூபதியும் போயிற்று. அதைத் தோட்டத்தில் புதைத்தபோது, குருசாமி தன் கம்பெனிக் கட்டுத்துணியில் சுற்றித்தான் புதைத்தார்.

அதற்குப் பிறகு ஒரு நாள் மாஸ்டரும் முத்துலட்சுமியும் கிளியில் எங்கள் கடைக்கு வந்தார்கள். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், புது வண்டி வேண்டும், இதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் மாஸ்டர். வெங்கட்ராஜா சாருக்கு அப்போது முடி முழுக்க வெளுத்திருந்தது, குடை மட்டும் அதே குடை. வழக்கம்போல நான்கடி தள்ளி நின்றார். நான் புறங்கை வைத்தேன், சைலன்சரில் விரல் விட்டேன், சுற்றுக்குப் போனேன்.

"எத்தனை?"

"ஒண்ணும் இல்ல சார்."

"நல்லா முறுக்குனியா?"

"முறுக்குனேன் சார். ஒரு நாயும் தல தூக்கல."

நம்பாமல் இன்னொரு முறை அனுப்பினார். தெரு அமைதியாகக் கிடந்தது. ஏனோ எனக்கே வருத்தமாக இருந்தது. திரும்பி வந்ததும் மேனேஜர் மாஸ்டரிடம் சொன்னார்: "நாய்த் தள்ளுபடி கெடையாது. முழு வெலை. ராஜபாளையத்துல ஒரு கிளிக்கு முழு வெலை நான் சொல்றது இதுதான் மொதத் தடவ."

மாஸ்டர் சந்தோஷப்படுவார் என்று பார்த்தேன். அவர் என்னிடம்தான் கேட்டார்: "எங்க மாமா வீட்டு வாசல்லகூட வரலியா?"

"அங்க ஒரு புதுக் குட்டி நின்னுச்சு மாஸ்டர். சும்மா பாத்துச்சு."

மாஸ்டர் மனைவியைப் பார்த்தார். முத்துலட்சுமி எழுந்து, மேசை மேல் இருந்த சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டுப் போய் வண்டிப் பக்கம் நின்றது. மாஸ்டர் உதைத்துக் கிளப்பினார். கீச்சுச் சத்தத்துக்கு நடுவே பின்சீட்டிலிருந்து முத்துலட்சுமி சொன்னது எங்களுக்குக் கேட்டது.

"இங்கருங்க, போற வழியில கறிக்கடையில செத்த நிறுத்துங்க."

தை பிறந்ததும் மகாராஜபுரத்து விவசாயி ஒருவர் இன்னொரு கிளியை விற்கக் கொண்டுவந்தார். தெருவில் இப்போது நாயே விரட்டுவதில்லையாம், முழு விலை கொடுப்பீர்களாம் என்று கேள்விப்பட்டு வந்திருந்தார். நான் சாக்கில்லாமல் சுற்றுக்குப் போனேன். குருசாமி வீட்டு கேட்டிலிருந்து ஒரு குட்டி பாய்ந்து வந்தது, அதைப் பார்த்து எதிர்வீட்டுக் குட்டியும் வந்தது. நிறுத்தினேன். இரண்டும் வலது பக்கம் வந்து உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தன.

கடைக்குத் திரும்பினேன். மேனேஜர் கைகளைப் பின்னால் கட்டியபடி நின்றார்.

"எத்தனை?"

"ரெண்டு சார்."

விலையைக் குறைத்தார்.